கேப்பு அண்ணனும் ஒரு விரல் இரும்பும்

திறந்து கிடக்கிற எதையும் மூடாமல் தாண்டிப் போக முடியாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் கேப்பு அண்ணன்தான். மூடி போடாத தண்ணி பாட்டில், பாதி சாத்தின ஜன்னல், யாரோ முடிக்காமல் விட்ட பேச்சு, எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். பஸ் ஸ்டாப்பில் ஜனம் வரிசையாக நிற்கும்போது நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடம் இருந்தால் போதும், "கொஞ்சம் முன்னாடி நகருங்கண்ணா, கேப்பு வுழுது" என்பார். அவர் அந்த பஸ்ஸில் போகிறவரே இல்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த மொபெட்டை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார்.

இடைவெளியை கேப்பு என்பது எங்கள் பட்டறைப் பேச்சு. நாள் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் அதுவே அவர் பேராகிவிட்டது. வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே அது சட்டென்று ஞாபகம் வராது.

திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், இரும்புத் தகடு வெட்டித் தருகிற லேசர் கட்டிங் பட்டறை எங்களுடையது. கம்ப்யூட்டர் அறையில் இரண்டு மேசை. ஒன்றில் நான், இன்னொன்றில் அவர். வருகிற ஆட்கள் படத்தைப் போனில் கொண்டு வருவார்கள், பென் டிரைவில் கொண்டு வருவார்கள். பார்த்தால் அழகான சதுரமாக இருக்கும். மூலையைப் பெரிசாக்கிப் பார்த்தால் ஒரு கோடும் இன்னொரு கோட்டைத் தொட்டிருக்காது, பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். நம் கண்ணுக்கு அது சதுரம், மெஷினுக்கு அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு கோடு. அப்படியே கொடுத்தால் இங்கே கொஞ்சம் வெட்டும், அங்கே போய்க் கொஞ்சம் வெட்டும், கடைசியில் தகடு பாழ். அதனால் எல்லாக் கோட்டையும் முனையோடு முனை சேர்த்து, சுற்றி வந்து மூடின ஒரே உருவமாக ஆக்கித் தரணும். எங்கள் பிழைப்பே அதுதான்.

இதற்கு, படம் வரைகிற கேட் (CAD) சாப்ட்வேரில் சோம்பேறிகளுக்கென்றே ஒரு வழி உண்டு. எல்லாக் கோட்டையும் மொத்தமாகப் பிடித்து, ஜாயின் கொடுத்து, இந்த அளவுக்குள் இடைவெளி இருந்தால் நீயே சேர்த்துக்கோ என்று சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் செய்வேன். செய்துவிட்டு டீ குடிக்கப் போவேன். கேப்பு அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது.

"கண்ண மூடிக்கினு கல்யாணம் பண்ணி வெக்கறாப்பல கீது நீ பண்றது. எந்த முனைக்கு எந்த முனைன்னு பாத்து சேக்க வேணாமா?"

"சேந்துச்சா இல்லையா? அத்த மட்டும் பாருங்கண்ணா."

"சேந்தா மட்டும் போதுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிடுவார். உட்கார்ந்து வேலை செய்கிற வழக்கமே அவருக்கு இல்லை. ஒரு மூலையைச் சேர்ப்பார், எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றுவார், குனிந்து அடுத்த மூலையைச் சேர்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எனக்குத் தலை கிறுகிறுக்கும். "உங்க காலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற கேப்ப மொதல்ல மூடுங்கண்ணா" என்று ஒரு நாள் கத்தினேன். உடனே குனிந்து காலைப் பார்த்தார், பாவம்.

இந்த வியாதி பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாகூர் பக்கம் அவர் வீடு. அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஒரு ஆள் நுழைகிற சந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தவர், முள்ளும் கம்பியும் வைத்துத் தைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுத்தமாக மூடிவிட்டார். சாயந்திரம் பக்கத்து வீட்டம்மா குடத்தோடு வந்து வேலிக்கு முன்னால் திகைத்து நின்றது.

"யாரு என் வழிய அடைச்சது?"

"வழியா? வேலி இத்துப் பூடுச்சுன்னு இல்ல நெனச்சேன்."

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இப்டித்தான உங்க கெணத்துக்கு தண்ணிக்கு வரேன். இத்தினி நாளா உன் கண்ணு அவிஞ்சா பூட்டிருந்தது?"

அவர் சம்சாரம் வெளியே வந்து, "வேலிய மூடனது போதும், இப்ப வாய மூடிக்கினு உள்ள வா" என்று கூட்டிப்போனதாம். ஆனாலும் மனுஷன் வேலியைப் பிரிக்கவில்லை. பார்க்க எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் போனில் படம் காட்டினார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டம்மா தெருவைச் சுற்றிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனது. இவர் சம்சாரத்தோடு பேச்சையும் விட்டுவிட்டது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். அறுப்பு சமயம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து தணிகாசலம் சித்தப்பா கையில் ஒரு இரும்புத் துண்டோடு பட்டறைக்குள் ஓடி வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை, எங்கள் தெருக்காரர். குத்தகைக்கு நெல் வைத்திருந்தார். முந்தின இரண்டு போகமும் தண்ணியில் போய்விட்டது. இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக வீட்டில் பேச்சு.

"அறுப்பு மிஷினு நட்ட நடு கழனியில நின்னு பூடுச்சும்மா. வெட்டுற கத்தியோட இரும்புத் தண்ட புடிச்சிக்கினு இருக்கற தகடு ஒடஞ்சிடுச்சி. பாதிதான் கெடச்சுது, மீதி சேத்துல பூட்டுது. பையன் மிஷினப் பாத்து போன்ல வரைஞ்சி குடுத்தான். இத்த மாதிரியே ஒண்ணு வெட்டிக் குடுங்க. மிஷின்காரன் வேற ஊருக்கு போவணும்னு நிக்கிறான். இப்ப போனா திரும்பி வரமாட்டான்."

படத்தைத் திறந்தோம். அவசரத்தில் வரைந்தது. ஒரு கோடாவது இன்னொரு கோட்டைத் தொட்டிருக்கணுமே, இல்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "யோவ் கேப்பு, மொத்தமா ஜாயின் குடுத்து அனுப்புயா" என்றார். கேப்பு அண்ணன் காதில் வாங்கவில்லை. மூலை மூலையாகப் போனார், நாற்காலியைச் சுற்றினார், மறுபடி குனிந்தார். அவர் பின்னாலேயே சித்தப்பாவும் சுற்றினார்.

"எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?"

"எல்லாம் தனித்தனியா கீதுங்க. சேக்கணும்."

"பாக்க சேந்தாப்பலதான கீது?"

"பாக்கறதுக்கு அப்டித்தாங்க இருக்கும்."

ஒருவழியாக முடித்து மெஷினுக்கு அனுப்பினார். தகடு வெட்டி விழுந்ததும் கரண்ட் போனது. சித்தப்பா ஆறுவதற்குக்கூட நிற்காமல் சூட்டோடு சாக்கில் சுருட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். "ஒரு எடத்துல கூட கேப்பு இல்ல, பாத்துக்கோ" என்று கேப்பு அண்ணன் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். சித்தப்பாதான்.

"இன்னாப்பா குடுத்து அனுப்பிச்சிருக்கீங்க? தண்டு உள்ள போற வாய மூடி வெச்சிருக்கீங்களே. மிஷின் முழுக்க கழட்டினாத்தான் இத்த மாட்ட முடியும்."

பேட்டரி தயவில் கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தது. படத்தைப் பார்த்தோம். தகட்டின் ஓரக்கோடு நடுவில் விட்டுப்போயிருந்தது. அதற்கு நேர் உள்ளே, ஓரத்தைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி, லாடம் மாதிரி ஒரு வளைவு. லாடத்தின் இரண்டு முனையையும் ஓரத்தோடு சேர்த்திருக்கணும், அதுதான் வாய். நம்ம ஆள் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துவிட்டார். லாடத்தைத் தனியாக மூடி ஒரு ஓட்டையாக்கிவிட்டார். நடுவில் ஒரு விரல் அகல இரும்பு குறுக்கே நின்றுவிட்டது. எந்த முனைக்கு எந்த முனை என்று வருஷக்கணக்கில் எனக்குப் பாடம் நடத்தின மனுஷன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சித்தப்பா பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தாரு? ஒரு வார்த்த கேட்டா இன்னாண்ணா?" என்றேன்.  அவர் முகம் செத்துப்போயிருந்தது.

கரண்ட் இல்லை, மறுபடி வெட்ட வழியில்லை. ஜெனரேட்டர் அந்த மெஷினை இழுக்காது. முதலாளி யாரைத் திட்டுவது என்று யோசிப்பதற்குள் கேப்பு அண்ணன் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏறிவிட்டார். "நீயும் போம்மா. தனியா வுட்டா வழியில இன்னாத்தயாவது மூடிக்கினு நிப்பான்" என்று முதலாளி என்னையும் பின்னால் ஏற்றிவிட்டார். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மூடியிருந்த ஒன்றைப் பார்த்து அவர் பல்லைக் கடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கழனியில் மெஷின்காரர் அடுத்த ஊர்க்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பிவிட்டேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். காற்று ஆரம்பித்துவிட்டது. கதிரெல்லாம் பழுத்துத் தலை தொங்கி நின்றது, ஒரு மழை அடித்தால் மொத்தமும் படுத்துவிடும். சித்தப்பா எங்களைப் பார்த்ததும் தகட்டைக் கையில் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கேப்பு அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார், தகட்டை ஒரு கல்லில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். அவர் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எழுந்திருக்கவில்லை, சுற்றவில்லை, நிமிர்ந்து வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிளேடு உடைந்தது, வேறு மாட்டினார். கை தளர்ந்தபோது சித்தப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமலேயே பிளேடை வாங்கி மீதியை அறுத்தார். அந்த ஒரு விரல் இரும்பு டொக்கென்று சேற்றில் விழுந்ததும் மெஷின்காரர் போனை வைத்துவிட்டுத் தகட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப்போனார். வாய் தண்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. மெஷின் உறுமியது.

மழை விழுந்தபோது ஓரமாக ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் அறுபடாமல் நின்றது. மீதி நெல் தார்பாய்க்கு அடியில் இருந்தது. மூன்று பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

சித்தப்பா அப்போதுதான் பேசினார். "தம்பி, இனிமே எத்தயாவது மூடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளு. அந்த வாய் வேணும்னே வுட்டது."

கேப்பு அண்ணன் தலையாட்டினார். அதோடு விட்டாரா? அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சனி பிடித்தது. எதைப் பார்த்தாலும் கேட்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இது வேணும்னே வுட்டதா, தானா வுழுந்ததா?" என்று மூலைக்கு மூலை விசாரணை. டீக்கடைக்காரரின் முன்பல் விழுந்த இடத்தைப் பார்த்து அதையே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெல்லாம் முள் குத்தி வேலியைப் பிரித்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "அகலம் இவ்ளோ போதுமாக்கா?" என்று கேட்டாராம். அந்தம்மாதான் முதலில் சிரித்ததாம்.

போன வருஷம் அவர் சம்சாரத்துக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார். அங்கேயும் ஒரு பட்டறையில் நின்றுகொண்டே கோடு சேர்க்கிறாராம். இங்கே எனக்குப் பக்கத்தில் அவர் மேசையும் நாற்காலியும் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நானும் இப்போது மூலை மூலையாகப் போய்த்தான் சேர்க்கிறேன், டீ ஆறிவிடுகிறது.

முந்தாநாள் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இங்க இவ்ளோ எடம் சும்மா கெடக்குது? உன் மேசய இழுத்து சுவரோட சேத்துப் போட்டுக்கயேன்" என்றார்.

"இருக்கட்டும் சார்," என்றேன். "அது வேணும்னே வுட்டது."