வாய் திறக்காத கரடி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி ஒன்று ஐம்பது. மகளைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து முடித்தபோது எனக்குக் கிடைத்த நேரம் இதுதான். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக, குறிப்பாகத் தொண்டை நலமாக, இருக்க வேண்டுகிறேன். தொண்டையின் அருமை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

தாங்கள் வெளியிட்ட 'கரடியின் ஒற்றைச் செருப்பு' என்ற மின்னூல் குறித்து ஒரு விண்ணப்பம். இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காரணம் சொல்லாமல் கேட்டால் என்னைத் திருடி என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயம், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் உதவி எண்ணில் வேலை பார்ப்பவள். ஐந்து வருடமாக நாள் முழுக்க ஊராருடன் பேசிப் பேசிக் குரல்நாணில் இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது. தொண்டை டாக்டர் ஆறு வாரம் பேசவே கூடாது என்றார். கிசுகிசுக்கலாமா என்று சீட்டில் எழுதிக் காட்டினேன், அது இன்னும் மோசம் என்றார். அதே வாரம், இரண்டே கால் வயதாகியும் அம்மா, தா, போ என்ற மூன்றே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும் என் மகளைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க விடாம பேசிக்கிட்டே இருக்கணும், அதுதான் மருந்து" என்றார். பேசாதே என்ற சீட்டும் பேசு என்ற சீட்டும் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. தண்ணீர் எடுக்கப் போனாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா பேசலாமே என்று கேட்பீர்கள். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலையில் எப்படியோ, வீட்டுக்கு வந்தால் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்தான். கதை சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் புத்தகத்தைக் கடைசிவரை மனதுக்குள் படித்துவிட்டு, "கரடி செருப்பத் தேடுது. கிடைச்சிருது. தூங்கு" என்றார். இருபத்துநான்கு பக்கமும் முடிந்தது.

அப்போதுதான் கைப்பேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். நான் தட்டச்சு செய்தால் அதற்குள்ளிருந்து ஓர் அம்மா பேசுவார். மாத்திரை அட்டை, பத்திரிகை, மின்சார வாரியத்தின் அறிவிப்பு என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாசிப்பார். தங்கள் கரடியைக் கொடுத்தால் மட்டும், "பக்கம் ஒன்று. படம். பொத்தான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். மகளோ கைப்பேசியை ஆட்டிப் பார்க்கிறாள், தட்டிப் பார்க்கிறாள், "தா" என்கிறாள். எழுத்தைத் தொட்டு நகலெடுக்கலாம் என்றால் விரலுக்குப் பிடிபடவில்லை. திரையைப் படம் பிடித்தால் கறுப்பாக வருகிறது. தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். திருட்டு நகலைத் தடுப்பதற்காகப் புத்தகம் பூட்டப்பட்டிருப்பதால் வெளி மென்பொருள்களால் வாசிக்க இயலாது, உதவிக்கு எங்கள் எண்ணில் பேசவும் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. பேசவும் என்ற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் பேசினேன், அதாவது கைப்பேசிக்குள் இருக்கும் அந்த அம்மாவை விட்டுப் பேசவைத்தேன். "வணக்கம். எனக்குக் குரல் இல்லை. என் கரடியும் பேசவில்லை" என்று அவர் ஆரம்பித்ததும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை தங்கள் உதவி எண்ணில் இருந்த பெண் பொறுமையாகவே, "இது மனுஷங்க பேசற நம்பர்ங்க, மெஷினெல்லாம் கூப்பிடக் கூடாது" என்று மெஷினிடம் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் இப்படி எத்தனையோ பேரை வெட்டிவிட்டிருக்கிறேன், இப்போது ஒவ்வொருவராக நினைவுக்கு வருகிறார்கள்.

இனி எழுதப்போவதைத் தங்கள் வழக்கறிஞருக்குக் காட்ட வேண்டாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டேப்லெட்டில் புத்தகத்தைத் திறந்துவைத்து, கணவரின் பழைய கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். கீழ்வீட்டில் யாரோ அழைப்பு மணி அடித்தபோது டேப்லெட்டை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். ஒரு கரடிக்காக உள்ளே போன முதல் தாய் நானாகிவிடுவேனோ என்று மீதிப் பக்கங்களை அவசர அவசரமாக எடுத்து முடித்தேன். அந்த அவசரத்திலும் திரை இழுத்த இருட்டிலும்தான் படமெல்லாம் கலங்கிப்போனது என்று நினைக்கிறேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும் செயலி ஒன்றில் அவற்றைப் போட்டேன். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் அடியில் ஒரு சின்ன வால்தானே வித்தியாசம், என் படங்களில் அந்த வால் விழவில்லை. 'கரடி மரத்தடியில் செருப்பைத் தேடியது' என்று தாங்கள் அச்சிட்டதை அந்த அம்மா 'காடி மாத்தடியில் செருப்பைத் தேடியது' என்று கணீரென்று வாசித்தார். மரம் எல்லாம் மாம். மரங்கொத்தி மாங்கொத்தி.

திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தத்தான் உட்கார்ந்தேன் ஐயா. இரண்டு பக்கம் திருத்துவதற்குள் மகள் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். நான்காம் நாள் காலை, படத்தில் கரடியின் வயிற்றில் விரலை வைத்து, "காடி" என்றாள். நான்கு மாதத்தில் முதல் புதுச் சொல். சாயங்காலம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே காட்டி, "மாம்" என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கையால் திருத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பயிற்சி அம்மாவிடம் இரண்டையும் சொல்லிக் காட்டினாள். அவர் தாளில் காடிக்கு நேரே வண்டி என்று எழுதிக் கேள்விக்குறி போட்டார், மாமுக்கு நேரே மாமா என்று எழுதி, "மாமா மேல ரொம்பப் பாசமோ" என்றார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ரகரம், துணைக்கால், திரைச்சீலை என்று நான் மூன்று சீட்டு எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "புரியுதுங்கம்மா. ஆனா எல்லாருக்கும் புரியற சொல்லைத்தான் நான் கணக்குல எடுக்க முடியும். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு சொல்லைச் சேர்த்து ஒரு தடவை சொல்லட்டும். இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், காது, மூளை எல்லாம் பார்த்துடலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் மகள் பேருந்து ஜன்னலில் மாம், மாம் என்று ஒவ்வொரு மரத்தையும் எண்ணிக்கொண்டே வந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர், "மாமா இங்கே இருக்கேன் பாப்பா" என்று கையசைத்தார். என் வாய் அடைத்ததால்தான் அவள் வாய் திறக்கவில்லையோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. தங்கள் கரடியின் பூட்டை எனக்கு மட்டுமாவது திறந்துவிடுங்கள். யாருக்கும் நகல் கொடுக்க மாட்டேன், சத்தியம் செய்து வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். கைப்பேசி அம்மா கரடியைக் கரடி என்றும் மரத்தை மரம் என்றும் வாசிக்கட்டும், என் மகள் சரியான தமிழில் இரண்டு சொல்லைச் சேர்க்கட்டும்.

தங்கள் பதிப்பகம் தழைக்கட்டும். தங்கள் வீட்டுக் குழந்தைகள் வாய் ஓயாமல் பேசித் தங்களைத் தொந்தரவு செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் புத்தகத்தை இன்னும் காதால் கேட்காத வாசகி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று கடிதம் முழுவதையும் படித்தார். பிறகு டேப்லெட்டை எடுத்து, தங்கள் புத்தகத்தின் மேல் மூலையில் காது போட்டிருக்கும் சின்னப் படத்தைக் காட்டி, "இத அமுக்கினியா?" என்றார். அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அமுக்கினார். பூட்டைத் திறக்காமலேயே புத்தகம் தன் சொந்தக் குரலில் தன்னைத்தானே வாசிக்க ஆரம்பித்தது. தங்கள் பதிலின் இரண்டாம் பத்தியில் இதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், இப்போதுதான் பார்த்தேன்.

சத்தத்தில் மகள் எழுந்து வந்துவிட்டாள். தலையெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று கேட்டாள். கரடி மரத்தடியில் தேடியது என்று புத்தகம் சுத்தமாக வாசித்தது. அவள் கிட்டே போய் டேப்லெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டி, "இல்ல. காடி" என்றாள்.

கத்திவிடுவேன் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கணவர்தான், "ரெண்டு சொல்லு" என்றார்.

ஐயா, 'இல்ல' எல்லாருக்கும் புரியும். காடிக்குத்தான் சாட்சி வேண்டும். கரடிக்குக் காடி என்றும் பெயர் உண்டு என்று தங்கள் பதிப்பகத்தின் முத்திரையோடு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போக வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.