சி எழுதுவதற்கு நல்ல சூழல்

என்றும் சௌக்கியமாக இருக்க வேண்டிய மூத்த மகனுக்கு, கட்டிலைப் பறிகொடுத்த உன் அப்பன் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. எழுதுகிறவர் எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா. என் வார்த்தைகளை நாகரிகமாக்கப் பார்க்கிறார், நான் விடவில்லை.

எழுத்து தெரியாதவனுக்கு ஞாபகம் கெட்டி. உன் தங்கைக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் வேலை கிடைக்க வேண்டுமென்றால் சி என்கிற கம்ப்யூட்டர் மொழிப் பரீட்சையில் தேற வேண்டும் என்று அவள் போனில் சொன்னபோது, நீ எதையோ மென்றுகொண்டே சொன்னாய்: "வீட்டுக் கம்ப்யூட்டர்ல சி எழுத முதல்ல நல்ல சூழல் ஒண்ணு தேர்ந்தெடுக்கணும்." நல்ல சூழல் என்றால் காற்றும் வெளிச்சமும்தானே? என் அறையைவிட நல்ல சூழல் இந்த வீட்டில் ஏது? கட்டிலை நடையில் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, மேசையை ஜன்னலோரம் இழுத்து, கம்ப்யூட்டரை ராஜா மாதிரி உட்கார வைத்தேன். அப்புறம் வந்து சொல்கிறாள் உன் தங்கை: "அப்பா, சூழல்னா ரூம் இல்லப்பா. சி-யை எழுதி ஓட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர்." நான் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் படுக்கப் பழகின பிறகா சொல்வது?

சரி, போகட்டும் என்றால், பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது என்று நீ ஒன்றை அனுப்பினாய். அது உள்ளே போனதும் கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்தது, ஒரு எழுத்து அடித்தால் அது திரையில் விழுவதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம். உடனே உன் தங்கை புருஷன், நம் மாப்பிள்ளை, "மாமா, உங்க பையன் எலிப்பொறிக்குள்ள யானையைத் தள்றார்" என்று சொல்லி, தான் படித்த காலத்து நீலத் திரை சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டார். இப்போது கூத்தைக் கேள். இவள் எழுதியதை மாப்பிள்ளையின் நீலத் திரை சரி என்கிறது. அதே எழுத்தை, ஒரு புள்ளி மாறாமல், உன்னுடையது தப்பு தப்பு என்று சிவப்பு சிவப்பாகத் துப்புகிறது. "பரீட்சையில எதை எழுதறதுப்பா?" என்று கேட்டு அவள் கண் கலங்குகிறாள். என்னைக் கேட்டால்? நான் கைநாட்டு! படித்த நீங்கள் இரண்டு பேரும் என் பெண்ணை நடுவில் நிறுத்திக் கயிறு இழுக்கிறீர்கள். கேட்டால், "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று நீ அவரையும், "அவருக்கு எல்லாம் தெரியும்கிற நினைப்பு" என்று அவர் உன்னையும் சொல்வீர்கள். அடுத்த வாரம் பரீட்சை. இரண்டு பேரும் பேசி ஒரே ஒன்றைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த மேசைமேல் நான் படுத்துக்கொள்வேன்.

கோபம் கடிதத்தோடு சரி. நீயும் மருமகளும் குறைவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பன் (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டப் போகும்போது ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சையில் கம்ப்யூட்டரே கிடையாதாம். சி-யைக் காகிதத்தில் பேனாவால்தான் எழுத வேண்டுமாம். உன் தங்கை சிரிக்கிறாள், நானும் சிரித்தேன். அதற்குள் மாப்பிள்ளை, "அப்ப மைப் பேனாதான் சரி" என்று ஆரம்பித்துவிட்டார். நீ தயவுசெய்து வாயைத் திறக்காதே.