ஜாவா வீட்டுத் தூணடியில் நாலு பொட்டலம்

மடு மாதா துணை

பீலெஃபெல்ட், ஜேர்மனி
08.09.1996

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த அத்தான் தம்பித்துரை அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ஞானப்பிரகாசம் பணிவுடன் வரைந்துகொள்வது. ஆண்டவரின் கிருபையால் இங்கு நான் சுகம். புஷ்பமலர் சுகத்தையும் தாண்டிய ஒரு நிலையில் இருக்கிறா. அது குறித்தே இம்மடல். லண்டனில் தாங்களும் பிள்ளைகளும் நலமே வாழ மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் எங்கள் தொலைபேசி குசினி வாசலில் இருக்கிறது, குசினிக்குள் எப்பொழுதும் புஷ்பமலர் சமைத்தபடி இருக்கிறா. ஆகையால் இதை வாசித்ததும் கிழித்துவிடவும்.

விடயம் யாதெனில், புஷ்பமலர் துப்புரவு வேலைக்குப் போய்வரும் வீட்டுக்காரி யூலியா என்னும் ஜேர்மன்காரி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ, அரசாங்க உத்தியோகம், பென்சன் உள்ளது. அதைத் தானாகவே விட்டுப்போட்டு ஜாவா என்ற தேசத்துக்குப் போய், அங்கே ஒரு பழைய மரவீட்டை வாங்கி, தூண், வளை, கதவு எல்லாவற்றையும் கழற்றி, கப்பலில் ஏற்றி, எங்கள் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் இறக்கியிருக்கிறா. அத்தான், தாங்கள் உலகம் கண்டவர். பென்சன் உள்ள வேலையைத் தானாக விடுகிற ஆளை நம்பலாமோ? வீடு வேணுமெண்டால் ஜேர்மனியில வீடே இல்லையோ? போதாக்குறைக்கு அந்த வீட்டுக்கு ஒரு ஆணிகூட இல்லை, எல்லாம் மரத்துக்குள்ள மரம் செருகினது. ஆணியில்லாமல் ஏன் வீடு கட்டுவினம்? ஒருநாள் கழட்டிக்கொண்டு ஓடத்தானே!

அதை விருந்தினர் விடுதியாக்கப் போறாவாம். வெறும் விடுதியில்லை, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத விடுதி. குளிக்க மழைத்தண்ணி, வெளிச்சம் மட்டுமட்டு, கக்கூசில தண்ணியே கிடையாது, போனபிறகு ஒரு கைபிடி மரத்தூள் போட்டு மூடவேணும். அத்தான், மன்னாரில நாங்கள் கரண்டில்லாமல், மழைத்தண்ணி பிடிச்சு, குப்பி விளக்கில இருந்தனாங்கள். அதைக் கேட்டுத்தானே இவையள் பாவமெண்டு எங்களுக்கு அகதிப் பத்திரம் தந்தவை! இப்ப அதையே காசு குடுத்து அனுபவிக்க ஹம்பேர்க்கில இருந்து சனம் வரப்போகுதாம். இதுக்குள்ள ஏதோ இருக்கு.

இனித்தான் நெஞ்சுவலி. நாங்கள் ரெண்டுபேரும் அங்கயே குடிவந்து, புஷ்பமலர் சமைக்க, நான் வீட்டைப் பாத்துக்கொள்ள வேணுமாம். வாற வெள்ளிக்கிழமை கையெழுத்து. எனக்குப் பேக்கரியில நிரந்தர வேலை, நாலாம் மாடியில சூடு வாற கொங்கிறீற் வீடு. இதை விட்டிட்டு ஆணியில்லாத வீட்டுக்குப் போக எனக்கென்ன விசரோ? புஷ்பமலர் போகத்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறா. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒண்டு இருக்கு. அவ அங்க நிண்டு சிரிக்கிறா அத்தான். வாய்விட்டு, தலையைப் பின்னால எறிஞ்சு சிரிக்கிறா. இந்த நாலாம் மாடியில எட்டு வருஷமா நான் அந்தச் சத்தத்தைக் கேட்கேல்லை. அப்ப அந்த வீட்டில ஏதோ செய்து வைச்சிருக்கெண்டுதானே அர்த்தம்?

செய்தும்தான் வைச்சிருந்தது! கழற்றின வீட்டைத் திரும்பப் பொருத்த ஜாவாவில இருந்தே ஒரு தச்சாசாரியை யூலியா கூட்டிவந்திருக்கிறா, பேர் சுவார்னோ. ஆள் கட்டை, மெதுவாக் கதைப்பார், யூலியாதான் மொழிபெயர்க்கிறவ. புஷ்பமலருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, முதல் நாளே "அண்ணை" எண்டு கூப்பிட்டு ரெண்டுபேருமா இருந்து தேங்காய் துருவுகினம். போன சனி பெட்டி இறக்க நானும் போனனான். நடுத்தூண் நாலையும் கல்லில நிறுத்தினவுடன, இந்த மனிசன் ஒவ்வொரு தூணடியிலும் ஒரு வாழையிலைப் பொட்டலம் வைச்சார். உள்ளுக்குள்ள பூ, அரிசி, கறுத்த நூல். நான் உடன சிலுவை அடையாளம் போட்டன். எங்கட பக்கத்தில வாசலடியில இப்பிடி ஒண்டு கிடந்தால் என்னவெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் வேதக்காரர், செய்வினையை நம்பக்கூடாதுதான். நான் நம்பேல்லை, பயந்தனான், அவ்வளவுதான்.

எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போக நாலு பொட்டலத்தையும் தூக்கிப் பைக்குள்ள வைச்சு, எப்பவும் கையோட வைச்சிருக்கிற கேவலார் மாதா கோயில் தண்ணியைத் தூணடியில தெளிச்சுப்போட்டு ஒதுங்கிவிட்டன். இப்பிடியான சாமானை ஓடுற தண்ணியில விடவேணும், அதுதானே முறை. பின்னேரம் வாய்க்காலடிக்குப் போனால் நாயோட வந்த ஒரு கிழவி, தண்ணிக்குள்ள குப்பை போடுறியோ, பொலிசைக் கூப்பிடவோ எண்டு கத்துறா! சரியெண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தன். இஞ்ச குப்பைக்கு நாலு நிறத்தில தொட்டி, மாறிப் போட்டால் கீழ்வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டுவான். இலை, பூ, அரிசி மண்ணிறத் தொட்டிக்குள்ள. நூல் சாம்பல்நிறத் தொட்டிக்குள்ள. ஒவ்வொரு மூடியைத் திறக்கவும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம். செய்வினையைத் தரம்பிரிச்சுப் போட்ட முதல் தமிழன் நானாத்தான் இருப்பன். ஆனால் ஒரு பொட்டலத்துக்குள்ள வீட்டுப் படம் போட்ட அந்தூர்க் காசொண்டு கிடந்தது. காசுக்கு இந்த நாட்டில தொட்டி இல்லை. யோசிச்சு யோசிச்சுச் சட்டைப் பைக்குள்ள போட்டன். அதுதான் பிசகிப்போச்சு.

நான் வாய்க்காலடிக்குப் போகமுன்னமே, தேத்தண்ணி முடிஞ்சு சுவார்னோ திரும்பிவந்து தூணடியைப் பாத்தார், உளியைக் கீழ வைச்சார், கல்லில குந்திவிட்டார். யூலியா யோசிச்சு, முள்ளெலி தூக்கியிருக்குமெண்டு முடிவுகட்டி, முள்ளெலி வாறது சுற்றுச்சூழலுக்கு நல்லமெண்டு சந்தோசமும் பட்டா. அந்த மனிசன் தலையாட்டேல்லை. "மிருகமெண்டால் ஒண்டையாவது விட்டிருக்கும், நாலையும் எடுத்தது மனிசன். எடுத்தவர் தன்ர கையால திருப்பி வைக்கட்டும், அதுக்குப் பிறகுதான் முகட்டு வளை ஏத்துவன்" எண்டிட்டார். ஒரு கோபமும் இல்லை, அதுதான் கூடப் பயம். வெள்ளிக்கிழமை பெருமழை எண்டு ரேடியோ சொல்லுது, வீடு கூரையில்லாமல் நிக்குது, யூலியா மூக்கைச் சிந்துறா. நான் ஆகாயத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

இண்டைக்குக் காலமை பூசைக்குப் போக வெளிக்கிட்டால், மேசையில கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில அந்தக் காசு! புஷ்பமலர் சட்டை தோய்ச்சிருக்கிறா. கத்தினாலும் பரவாயில்லை அத்தான், கத்தேல்லை.

"நீர் உதெல்லாத்தையும் நம்புறீரோ?" எண்டு நான்தான் முந்திக் கேட்டன்.

"நீங்கள் இண்டுவரைக்கும் என்னத்தைத்தான் நம்பியிருக்கிறியள்? ஆருக்கும் நான் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை நான் போறன். வாறதெண்டால் அந்தக் காசோட வாங்கோ. இல்லாட்டி உங்கட கொங்கிறீற்றோட இருங்கோ" எண்டிட்டுப் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டா.

ஆகவே அத்தான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். மூத்தவர் நீங்கள் சொன்னால் அவ தட்டமாட்டா. அந்த வீடு கூடாது, அந்த ஆசாரி கூடாது, பென்சனை விட்டவ கூடவே கூடாதெண்டு நாலு வரி எழுதுங்கோ. அவ போனால் இந்த நாலாம் மாடியில நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? எனக்கு உண்மையிலேயே பயமாக் கிடக்கு.

தங்கள் இல்லத்தில் குறைவில்லா நலமும் நிறைவான சமாதானமும் தங்க மடு மாதாவை இரந்து நிற்கும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ச. ஞானப்பிரகாசம்

பி.கு.: இன்று வெள்ளி பின்னேரம். ஞாயிறு தொடக்கம் கோட்டுப் பைக்குள்ள ஒளிச்சு வைச்ச இக்கடிதத்தை வெளியில எடுக்க இப்பதான் வசதி கிடைச்சது. தயவுசெய்து புஷ்பமலருக்கு ஒண்டும் எழுதவேண்டாம். காலமை அவ பெட்டியோட இறங்கிப் போக, வீடு ஒரே அமைதியாப் போச்சு. அந்த அமைதி எனக்குப் பிடிக்கேல்லை. அடுத்த பஸ்ஸில காசைக் கைக்குள்ள பொத்திக்கொண்டு ஓடினன். சுவார்னோ என்னைக் கூட்டிக்கொண்டு தூணடிக்குப் போனார். நாலு புதுப் பொட்டலம் கட்டி ஆயத்தமா வைச்சிருந்தார், ஒண்டை மட்டும் கட்டாமல் திறந்து வைச்சிருந்தார். காசை அதுக்குள்ள வைச்சன். கோயில் தண்ணியிலயும் ரெண்டு துளி விடவோ எண்டு சைகையில கேட்டன், நல்லம் எண்டு தலையாட்டினார். வளையின்ர ஒரு முனையை அவர் பிடிக்க, மற்ற முனை நான். கூரைக்குப் பதிலா மேல தறப்பாள் இழுத்துக் கட்டி முடிய மழை கொட்டினது. நான் நனைஞ்ச கோழியா உள்ளுக்கு ஓடிவந்ததைப் பாத்திட்டு உங்கட தங்கச்சி சிரிச்சாளே ஒரு சிரிப்பு! கையெழுத்து நான்தான் முதல் போட்டனான்.

பதிலைப் புது விலாசத்துக்கு எழுதுங்கோ, பின்பக்கத்தில இருக்கு. இன்னொரு விடயம், இதையும் வாசிச்சுப்போட்டுக் கிழியுங்கோ: அடுத்த மாதம் விருந்தாளியள் வரத் தொடங்குகினம். ஆர் எப்பிடியான ஆளெண்டு ஆருக்குத் தெரியும்? ஒருத்தரும் தூணடியைக் கிண்டாமல் நான்தான் பாக்கவேணும். போகேக்க ஒவ்வொருத்தற்ற சட்டைப் பையிலயும் எனக்கொரு கண் இருக்கும்.