நெவில் பார்த்த நீல விமானம்

"இடப்பக்கம் பார்த்தாச்சா?" என்று கேட்டாள் பக்கத்து இருக்கையில் இருந்த தேர்வாளர் ஜாய்லீன்.

"பார்த்தாச்சு."

"எங்கே பார்த்தே? உன் கண்ணு முன்னாடி இருக்கற மீட்டருங்க மேலேயே இருக்கு. மறுபடி திருப்பு. வேற விமானம் இருக்கான்னு மேல, கீழ, ரெண்டு பக்கமும் பாரு."

நெவில் கட்மோர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வெள்ளைச் செஸ்னா விமானத்தைச் சாய்த்துத் திருப்பினார். மூவாயிரத்தைந்நூறு அடிக்குக் கீழே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துச் சோளக்காடுகள் மெல்லச் சுழன்றன.

உள்ளூர் விமானக் கிளப்பின் பாதுகாப்புச் செயலாளர் அவர்தான். பயிற்சிக்கு முன் வானத்தைச் சுற்றிப் பார்ப்பது பற்றி கிளப் இதழில் பதினோரு கட்டுரை எழுதியவர். எழுதியதோடு சரி. தான் ஓட்டும்போது வெளியே பார்ப்பதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யவேண்டிய வேலை என்று நினைத்தார்.

இன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்வு. தேறாவிட்டால் பறக்க முடியாது. சனிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்கு மச்சானை விமானத்தில் கூட்டிப் போவதாக ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்தார்.

"சரி, ஸ்டால் பண்ணிக் காட்டு" என்றாள் ஜாய்லீன்.

ஸ்டால் என்றால் வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, விமானம் தொப்பென்று சரிகிறவரை காத்திருந்து, பிறகு மீட்பது. அந்தத் 'தொப்' என்றாலே நெவிலுக்குப் பயம். பழைய தேர்வாளர் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. கையெழுத்து தரையிலேயே கிடைத்துவிடும். இந்த ஜாய்லீன் சீட்டே தொடாதவள்.

நெவில் வேகத்தைக் குறைத்தார். மூக்கு எழும்பியது. காலையில் தின்ற கறி பஃப்ஸும் கூடவே எழும்பியது.

"அதோ!" என்று கத்தி மூக்கைத் தாழ்த்தினார். "வலப்பக்கம் ஒரு விமானம்!"

அங்கே எதுவும் இல்லை. 'எங்கே?' என்று அவள் கேட்பாள், 'மறைஞ்சிடுச்சு' என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஜாய்லீனுக்கு ஆறு மாதமாகத் தூரப் பார்வை மங்கல். அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

"நான் அப்பவே பார்த்துட்டேன்" என்றாள் அலட்சியமாக. "நீ பார்க்கறியான்னுதான் சும்மா இருந்தேன். ரேடியோல சொல்லு."

நெவிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லாததை இவள் எப்படிப் பார்த்தாள்? மைக்கை எடுத்தார். "நீல விமானம் ஒண்ணு, வடக்கே போகுது. எல்லாரும் கவனம்."

உடனே ரேடியோவில் மெர்வ் என்பவனின் குரல் கரகரத்தது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் பக்கத்தில்தான் பறந்துகொண்டிருந்தான் அவன். முந்திக்கொண்டு பேசாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"யோவ் நெவில், வடக்கே எங்கேய்யா போகுது? தெற்கே போகுது! என் கண்ணு முன்னாடி நிக்குது!"

"அப்படின்னா ரெண்டு விமானம்" என்றாள் ஜாய்லீன், விட்டுக்கொடுக்காமல்.

அடுத்த பத்து நிமிடம் இரண்டு விமானங்கள், இல்லாத இரண்டு விமானங்களுக்கு வழிவிட்டு வட்டமடித்தன. கடைசியில் ஜாய்லீனே வெறுத்துப்போனாள்.

"இந்தச் சந்தைக்குள்ள ஸ்டால் வேண்டாம். இறங்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நெவிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கிளப்புக்குள் நுழைந்தபோது மெர்வ் பீர் கோப்பையுடன் நின்று கதை அளந்துகொண்டிருந்தான்.

"உள்ள ரெண்டு பேரு. ஓட்டினவனுக்குத் தாடி. இன்ஜின்ல புகை வேற!"

"புகையா?" ஜாய்லீன் திடுக்கிட்டாள். பக்கத்து ஊர்த் தளங்களுக்கெல்லாம் போன் போட்டாள். நீல விமானம் எங்கேயும் இறங்கவில்லை.

"விழுந்திருக்கும்" என்றாள். "மீட்புப் படைக்குச் சொல்லியே ஆகணும். ஹெலிகாப்டர் வரட்டும். நெவில், நீதான் முதல்ல பார்த்தே, நீயே பேசு."

ரிசீவரை அவர் கையில் திணித்தாள். நெவில் பாதி எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினார். ரிசீவரை மெல்லக் கீழே வைத்தார்.

"விமானமே இல்லைங்க. ஸ்டாலுக்குப் பயந்து பொய் சொன்னேன்."

மெர்வ் கோப்பைக்குள் எதையோ தேடினான். ஜாய்லீன் முகம் தக்காளியாகச் சிவந்தது. திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? இல்லாததை அவளும் அல்லவா பார்த்திருந்தாள்! பாதுகாப்புச் செயலாளர், தேர்வாளர், இருபது வருட விமானி மெர்வ், மூன்று பேரும் அவரவர் காலணியை ஆராய்ந்தார்கள்.

"செயலாளர் பதவியை இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் நெவில்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். இன்ஜின் இல்லாத கிளைடரில் பறக்கும் ப்ரின். வெயிலில் கன்றிப்போன முகம்.

"அந்த வெள்ளைச் செஸ்னாவுல போனது யாருங்க? என் ரேடியோ செத்துப்போச்சு, கத்தக்கூட வழியில்லை. உங்களுக்கு நேர் கீழேதான் வட்டம் போட்டு ஏறிக்கிட்டிருந்தேன். நீங்க மூக்கைத் தூக்கினதுமே, ஸ்டால் பண்ணி என் தலையில விழப்போறீங்க, அவ்ளோதான்னு கண்ணை மூடிட்டேன்... திறந்து பார்த்தா, மூக்கைத் தாழ்த்தி விழாம விலகிப் போயிட்டீங்க. நல்லவேளை, என்னைப் பார்த்துட்டீங்க!"