அடுத்தவர் கன்னத்தைக் காட்டுபவர்

உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன வேதத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவர். ஒரே ஒரு திருத்தம்: அவர் காட்டுவது அடுத்தவர் கன்னத்தை.

எங்கள் சபைச் செயலாளருக்குப் பொறுமை அண்ணன் என்று பெயர். மாமியார் கொடுமையா, மேலாளர் வாயில் வந்தபடி ஏசினாரா, வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டாரா, எந்த வழக்கைக் கொண்டுபோனாலும் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, "பொறுத்துக்கங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றத் தொடங்குவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பிறத்தியார் பொறுமையை அள்ளிக் கொடுக்க யாருக்குத்தான் கை வலிக்கும்?

ஒரு சனிக்கிழமை, தையல் ஆலையில் சட்டைக்குக் காஜா போடும் எங்கள் சபை அக்கா ஒருவர் அவரிடம் வந்தார். வேலை நேரத்தில் ஆலைக் கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருநூறு பெண்கள். திறந்து வையுங்கள் என்று கேட்டதற்கு அக்காவை வேலையைவிட்டே நிறுத்திவிட்டார்கள்.

"திங்கக்கிழமை எல்லாரும் ஆலை வாசல்ல நிக்கப் போறோம்ண்ணே. சபையும் வந்து கூட நிக்கணும்."

"சண்டையெல்லாம் எதுக்கும்மா? மறு கன்னத்தைக் காட்டு."

"அதைத்தாண்ணே காட்டப் போறோம். கல்லெடுக்க மாட்டோம், திட்ட மாட்டோம். அடிச்சாலும் நகர மாட்டோம்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "ஜெபிக்கிறேன்."

மறுநாள் ஆராதனைக்கு அண்ணன் வந்தபோது, மின்விசிறிக்கு நேர் கீழே, இருபது வருடமாக அவர் மட்டுமே உட்காரும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிம்மா, இது என் இடம்."

அக்கா அசையவில்லை.

"எந்திரின்னு சொல்றேன்ல!" பாட்டுப் புத்தகத்தால் பெஞ்சில் ஓங்கி ஒரு அடி. பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கும் இப்படித்தாண்ணே நிப்போம்," என்றார் அக்கா. "கொஞ்சம் பொறுத்துக்கங்க."

சபையே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

திங்கட்கிழமை பெண்கள் கைகோத்து நின்றார்கள். காவலாளிகள் தள்ளிவிட்டார்கள், விழுந்தவர்கள் எழுந்து அதே இடத்தில் நின்றார்கள். மூன்றாம் நாள் பூட்டு கழன்றது. அக்காவுக்கு வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

சிரித்த எங்களில் எத்தனை பேர் அங்கே போய் நின்றோம்? ஒருவரும் இல்லை. எனக்கு அன்று லேசாகச் சளி பிடித்திருந்தது.

நீங்கள் சிரிப்பதற்கு முன் உங்கள் கன்னத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு அறையும் படாமல் வழவழவென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் சபையில் அந்த ஆளைத் தேடி அலைய வேண்டாம்.