ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த பட்டம்

"ஃபிரிட்ஜ் பெட்டிக்குள்ள உட்கார்ந்து, வேன்ல ஏறிப்போய், பரீட்சை வைக்கிறவங்க வீட்டு வாசல்லயே இறங்கிப் பட்டம் வாங்கின ஆள் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்!"

பார்சல் கிடங்கின் புதிய மேலாளர் இப்படி முழங்கியதும், அவர் மனைவி காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காதவன் அவள் தம்பி மட்டும்தான். அதே கிடங்கில் பேக்கிங் பிரிவில் இருப்பவன்.

"அளக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா மாமா?"

"முழுசாக் கேட்டுட்டுப் பேசுடா!"

விஷயம் இதுதான். அவர் உதவி மேலாளராக இருந்தபோது மேலாளர் நாற்காலி காலியானது. அதில் உட்கார, சேவைத் தரம் பற்றி ஆன்லைனில் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். பாடமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் கேமராவுக்கு முன்னால் ஒரு வாய்மொழித் தேர்வு. அதில்தான் இரண்டு தடவை நெட் காலை வாரிவிட்டது. அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவையும் போனால், நாற்காலி வேறு ஆளுக்கு.

நிபந்தனைகளோ கடுமை. முகம் திரையை விட்டு விலகக் கூடாது. பக்கத்தில் இன்னொரு குரல் கேட்கக் கூடாது. கேட்டால் கம்ப்யூட்டரே தேர்வை ரத்து செய்துவிடும்.

மூன்றாவது தேர்வன்று தன் அறையில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு லாரிக்காரர்கள் ஹாரனாலேயே சண்டை போட்டார்கள். கழிப்பறைக்கு ஓடினார். சிக்னல் இல்லை. பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போனார். அங்கே கணக்குப்பிள்ளை விட்ட குறட்டையில் பீரோ கதவுகள் தாமாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கைகொடுத்தவன் மச்சினன்தான்.

"அந்த மூலையில காலி ஃபிரிட்ஜ் பெட்டி கிடக்கு மாமா. உள்ள உட்கார்ந்துக்குங்க. பக்கத்துல சிங்கம் கத்தினாலும் கேக்காது."

நசுங்கி வந்த ஃபிரிட்ஜைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியை மட்டும் வாங்கியவரின் விலாச லேபிளோடு மறந்துபோய் வைத்திருந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘லேபிள் ஒட்டிய பெட்டி ஓரமாக நிற்கக் கூடாது. உள்ளே என்னவென்று கேட்காதே, ஏற்று!’ கிடங்கின் சுவரெல்லாம் எழுதியிருந்த இந்தப் புதுமையைக் கண்டுபிடித்ததே உதவி மேலாளர்தான்.

பெட்டிக்குள் குறுகி உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டி, போனைத் திறந்தார். தேர்வாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா?"

உதவி மேலாளரின் விரல் மெல்ல, இணைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை நோக்கி ஊர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ‘சர்ர்ர்’ரென்று டேப் ஓடியது. கும்மிருட்டு!

கத்தினால் தேர்வு ரத்து. பொத்தானை அழுத்தினாலோ இருக்கிற வெளிச்சமும் போய், இருட்டில் தன்னந்தனி. அம்மாளின் முகம்தான் ஒரே துணை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அங்க இவ்வளவு இருட்டு?"

"கரன்ட் செலவைக் குறைக்கிறோம் மேடம்."

பெட்டி எழும்பியது, சாய்ந்தது, கவிழ்ந்தது.

"பார்சலை எப்படிக் கையாளணும்?"

"தலைகீழா மட்டும் வைக்கவே கூடாது மேடம்!" என்று தலைகீழாக இருந்தபடி சொன்னார்.

"உங்க முகம் ஏன் இப்படிச் சிவக்குது?"

"பார்சல் படற பாட்டை நினைச்சா ரத்தம் தலைக்கு ஏறுது மேடம்!"

அம்மாள் அசந்துபோனார். வேன் ஒவ்வொரு பள்ளத்திலும் வானத்துக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவரிடமிருந்து ஒரு பதில் உதிர்ந்தது. இவ்வளவு உணர்ச்சியோடு சேவைத் தரத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"கடைசிக் கேள்வி. ஒருத்தர் வாரக்கணக்கா ஃபிரிட்ஜுக்குக் காத்திருக்காங்க. வேற யாருமில்ல, நானேதான். என்ன பதில் சொல்வீங்க?"

வேன் நின்றதையோ, பெட்டி இறங்கியதையோ அவர் கவனிக்கவில்லை. பழக்க தோஷத்தில், "வந்துகிட்டே இருக்கு மேடம்!" என்றார்.

டிங் டாங்!

மணி இயர்போனிலும் கேட்டது. அட்டைக்கு வெளியேயும் கேட்டது.

"ஒரு நிமிஷம், வாசல்ல யாரோ," என்று அம்மாள் எழுந்தார். கையெழுத்துப் போட்டார். ஆசை ஆசையாக டேப்பைக் கிழித்தார். உள்ளே, முழங்கால்கள் காதோடு ரகசியம் பேச, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு மனிதர்.

"அடுத்த கேள்வி மேடம்?"

அம்மாள் முதலில் வீறிட்டார். பிறகு சிரித்தார், தெருவே எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

"எங்க மாணவர் யாரும் வீடு தேடி வந்ததில்லப்பா. நீங்க பாஸ்! ஆமா, ஃபிரிட்ஜ் எங்கே?"

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் போட்ட முதல் உத்தரவே அந்த ஃபிரிட்ஜுக்குத்தான். அதுவும் போய்ச் சேர்ந்த பிறகுதான், பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மலை இறங்கியது.

கதை முடிந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சுத்தப் புளுகுக்கா," என்றான் தம்பி. "உள்ள ஆள் இருந்தா டேப் ஒட்டறவனுக்குத் தெரியாதா?"

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன்டா, அன்னிக்கு டேப் ஒட்டினது யாரு?"

தம்பி காபியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கடைசியில் மாமாவையும் பார்த்தான்.

"சரிக்கா, எல்லாம் நடந்ததுதான். தெரிஞ்சேதான் ஒட்டினேன். போன ரெண்டு தடவையும் நெட் நல்லாத்தான் இருந்துச்சு, பாதியில எழுந்து ஓடினது மாமாதான்!"