ஒன்றரை மணிப் பேயை மூன்று மணிக்கு மாற்றியது குறித்து

இருங்காட்டுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பிற்பகல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால், நலம். தங்கள் நலமும், தங்கள் இல்லத்தார் நலமும், தங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுமைசாலி யாரோ அவர் நலமும் அறிய ஆவல்.

தாங்கள் மறு ஒளிபரப்புச் செய்துவரும் ‘அடைத்த கிணறு’ தொடரைத் தினமும் ஒன்றரை மணிக்குப் பார்த்துவந்தவர்களில் நான் ஒருத்தி. என் அக்கா செல்லக்கனி இன்னொருத்தி. சென்ற வாரத் திங்கட்கிழமை முதல் அதை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டீர்கள். திரும்பவும் ஒன்றரைக்கே கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இத்துடன் கையெழுத்துப் போட்டிருக்கலாம். காரணம் சொல்லாமல் கேட்டால் தாங்கள் என்னைத் தொடர்ப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். காரணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தங்களிடம் சொல்வதற்கும் ஒரே காரணம், தாங்கள் என்னைப் பார்க்கப்போவதில்லை என்பதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, மன்னிக்கவும். கம்பெனி பஸ்ஸில் போகவர புத்தகம் படிக்கிறவள் நான். அம்சவேணியைக் கிணற்றில் தள்ளியது யார் என்று இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. அந்த ஆள் வரும்போதெல்லாம் தங்கள் இசையமைப்பாளர் ஒரு மாதிரி வாசித்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். எங்கள் டிவி வேறு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவி, ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதில் எல்லா முகமும் பச்சையாகத்தான் தெரியும். செத்தவள் யார், இருப்பவள் யார் என்பதைப் புடவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைப் புடவை அம்சவேணி, செத்துப்போன மூத்த மருமகள். மற்றக் கலரெல்லாம் நித்யா, இளைய மருமகள். அவளுக்கு அம்சவேணி கண்ணில் படுவதில்லை. சீப்பில் ஒட்டிய முடியையும் தரையில் ஈரக்காலையும் மட்டும் பார்த்து அலறிக்கொண்டிருப்பாள்.

எங்கள் அறை நிலவரமும் ஏறக்குறைய அதேதான். அக்காவுக்கு வேறொரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிப்ட். எனக்கு ஒரு வருடமாக இரண்டாம் ஷிப்ட். நான் வேலை முடிந்து அறைக்கு வரும்போது அவள் போயிருப்பாள். அவள் காலையில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். எனக்கு அவள் என்பது நனைந்த சோப்பும், மடித்துவைத்த போர்வையும், சட்டியில் பாதி மீந்த குழம்பும்தான். அவள் மத்தியானம் கண்விழித்து, நான் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறும் வரை இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாங்கள் இருவரும் ஒரே அறையில் முழித்திருக்கிற நேரம். நான் சோறு பொங்கி வைத்திருப்பேன். அவள் எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்து தட்டோடு உட்காருவாள். சரியாக அப்போதுதான் தங்கள் பேய் வரும்.

ஆனால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஏழு மாதமாக இல்லை. அப்பா ஊரில் மாரடைப்பில் இறந்தது ஒரு சாயங்காலம். நான் கம்பெனிக்குள் லைனில் இருந்தேன், போன் லாக்கரில் இருந்தது. அக்காவுக்குத்தான் தகவல் வந்தது. அவள் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்த பிறகுதான் தெரியும். அடித்துப்பிடித்து நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈர வாசலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாடி, “ஒனக்கு மட்டுந்தான் அப்பாவா? ஒரு வார்த்தை சொல்லி என்னையும் கூட்டிட்டு வந்திருக்கப்படாதா?” என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒனக்குக் கம்பெனிய விட்டு வர மனசு வந்துச்சாக்கும்?” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அறையைப் பிரித்துக்கொள்ளவும் வழியில்லை, அட்வான்ஸ் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

அப்புறம்தான் தங்கள் தொடர் வந்தது. முதல் வாரம் இரண்டு பேரும் உர்ரென்று பார்த்தோம். இரண்டாம் வாரம் அக்கா டிவியைப் பார்த்தே சொன்னாள், “சில பேருக்கு அடுத்தவ சீப்ப எடுக்கிறதுன்னா அம்புட்டுப் பிரியம். செத்தும் விடமாட்டேங்கா.” மறுநாளே நான் வேறு சீப்பு வாங்கினேன். பிறகு நானும் டிவியிடம் சொன்னேன், “நித்யா முகம் வத்திப்போச்சு. பாதிச் சோத்த வச்சிட்டு எந்திச்சா வேற என்ன ஆகும்?” அன்றைக்கு அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். தொடரைப் பற்றிப் பேசினால் அது பேச்சில் சேராது என்று யாரும் வகுக்காத ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. “நித்யாவுக்கு ராத்திரி பூரா நின்னு நின்னு கால் வலிக்காம்” என்பாள். “அந்த வீட்டு அலமாரில தைலம் இருக்கும்லா, மேல் தட்டுல” என்பேன். தைலம் எங்கள் அலமாரியில் இருந்தது. தாங்கள் நம்பமாட்டீர்கள், ஐந்து மாதமாக வாடகை, கேஸ், ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் நாங்கள் அம்சவேணியையும் நித்யாவையும் வைத்தே பேசி முடித்திருக்கிறோம். எங்களில் யார் அம்சவேணி, யார் நித்யா என்பது அன்றைக்கன்றைக்கு மாறும். ஞாயிற்றுக்கிழமை தொடர் கிடையாது, எங்கள் அறையில் பேச்சும் கிடையாது. தொடரில் ஏதாவது சாவு வந்தால் மட்டும் இரண்டு பேரும் தட்டு கழுவ எழுந்துவிடுவோம். இருப்பது ஒரே குழாய்.

இந்த நிலையில் தாங்கள் நேரத்தை மாற்றினீர்கள். அந்தத் திங்கட்கிழமை ஒன்றரைக்கு அம்சவேணிக்குப் பதில் ஒரு அம்மா வந்து கேழ்வரகுப் புட்டு செய்தார். நாங்கள் அதையும் கடைசி வரை பார்த்தோம். புட்டை வைத்து ஒருத்தரை ஒருத்தர் குத்திப் பேச முடியாது சார், பாசமாகவும் பேச முடியாது. மறுநாள் அடை. மூன்றாம் நாள் அக்கா டிவியை அணைத்துவிட்டுத் தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரம்மா கோவிந்தம்மா கீழ் வீட்டில் மூன்று மணிக்குத் தொடர் பார்க்கிறவர். காலையில் அவரிடம் கதை கேட்டு வைத்துக்கொண்டால் மத்தியானம் அக்காவிடம் ஒரு பேச்சாவது ஆரம்பிக்கலாம் என்று போனேன். “அந்தப் பொண்ணு கீதே, செத்துப்போன பொண்ணு, அது நேத்து வூட்டாண்ட வந்துச்சு” என்றார். “வந்து?” “வந்து இன்னா பண்ணுச்சு... ஒண்ணியும் பண்ல. பாத்துகினே இருந்துச்சு. அப்பால அந்த டாக்டருக்குக் கல்யாணம் நின்னுபூச்சு.” அடைத்த கிணற்றில் டாக்டரே கிடையாது. புதிதாக யாரோ வந்திருப்பார் என்று நம்பி நான் மத்தியானம் “டாக்டர் கல்யாணம் நின்னுபோச்சாமே” என்று அணைந்த டிவியைப் பார்த்துச் சொல்ல, அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் புத்தி பேதலித்துவிட்டதோ என்கிற கவலை இருந்தது. அவள்தான் தினமும் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து தொடரைப் பார்க்கிறாளே.

சரி, ஷிப்டையே மாற்றிக் கேட்போம் என்று சூப்பர்வைசர் சிவசங்கரிடம் போனேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. தப்பு என் பேரில்தான். புத்தகமும் கையுமாகத் திரிகிறவள் ஒரு சீரியலுக்காக ஷிப்ட் கேட்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் முழுங்கிவிட்டேன்.

“ஷிப்ட் சேஞ்ச் எதுக்கும்மா? மேரேஜா?”

“இல்ல சார். முன்ன மத்தியானம் ஒண்ணரைக்கு வருவா. இப்ப மூணு மணிக்கு வாரா. அந்நேரம் நான் ரூம்ல இருந்தாத்தான் சரியா வரும்.”

“யாரு, ரூம்மேட்டா?”

“இல்ல சார், அம்சவேணி. அவ செத்துப்போயிட்டா.”

சிவசங்கர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “நீ போய் லைன்ல நில்லும்மா. நான் பேசிக்கிறேன்” என்றார். அவர் யாரிடம் பேசினாரோ, சாயங்கால டீ பிரேக்குக்குள் மொத்த லைனுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிரவு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. படிக்க வசதியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் சத்யப்பிரியா, சேரப்பணஞ்சேரிப் பெண், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியோடு வந்து நின்றாள். “இன்னாத்துக்குடி உள்ளாறயே வச்சிகினு கீற? ஏறு. வல்லக்கோட்டை முருகர் பாத்துப்பாரு.” நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், “தோ, அது உன்ன பேச வுடமாட்டேங்குது பாரு” என்கிறாள். அர்ச்சனை முடிந்து கொடுத்த எலுமிச்சம்பழத்தை உடம்பை விட்டு எடுக்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீற மனசில்லாமல் நான் அதை கம்பெனி நீலக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை லைனில் குனிய, அது உருண்டு கன்வேயரில் ஏறி, ஐந்து ஸ்டேஷன் தாண்டிப் போய் சென்சாரில் நின்றது. லைன் நின்றுவிட்டது. “லெமன் எப்டிம்மா லைன்ல வரும்?” என்று சிவசங்கர் கத்தினார். கத்தினாரே தவிர, அதைத் தொட அவரும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. நானேதான் எடுத்தேன்.

செய்தி பஸ்ஸோடு கிளம்பி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து கோவிந்தம்மா காதில் விழுந்தது. “என் வூட்ல பேய் கீதுன்னு எப்டி நீ சொல்லலாம்? அல்லா ரூமும் காலியானா வாடகைக்கு உங்கொப்பனா வருவான்?” என்றார். அப்பா வரமாட்டார் என்று சொன்னேன். “அது டிவில வர்ற பேய்ம்மா, நீங்க பாக்குற அதே மூணு மணிப் பேய்” என்றேன். “அத நான் டெய்லி பாக்குறேன், எனுக்கு இன்னா ஆய்ப்பூச்சு? உனுக்கு மட்டும் இன்னா?” என்று கேட்டார். நாங்கள் இருக்கிற வரை மற்ற ரூமுக்கும் புதுசாக ஆள் வராது, ஆகவே மாதக் கடைசியில் இரண்டு பேரும் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மத்தியானம் அக்கா பரணிலிருந்து பையை இறக்கினாள். எங்கே போகிறாள் என்று கேட்கத் தொடர் இல்லை. அவள் கம்பெனி ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறாள் என்பதைக் கோவிந்தம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு ஹாஸ்டலுக்கும் நான் ஒரு ஹாஸ்டலுக்கும் போய்விட்டால் அப்புறம் சோப்பு ஈரம்கூட மிஞ்சாது. ஊருக்குப் போனால் அந்த வாசல்தான் இருக்கிறது. ஒன்றரை மணிக்கு ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அந்தப் பேயை அனுப்பிவைத்தால் போதும், “அம்சவேணி அந்த வீட்ட விட்டுப் போக வேண்டாம்” என்று நான் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

தங்கள் அலைவரிசை மழையிலும் இடியிலும் தெளிவாகத் தெரியட்டும். தங்கள் கிணற்றில் இனி யாரும் விழாதிருக்கட்டும். புட்டு செய்த அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லவும், அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஆ. சுகப்பிரியா

பி.கு.: இந்தக் கடிதத்தை அன்றைக்கே தபாலில் போட முடியவில்லை. மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். தொடர் மூன்று மணிக்கே இருக்கட்டும்.

அக்கா போய்விட்டாள். நான் வேலையில் இருக்கும்போது போய்விட்டாள். சீப்பையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு டிவியை எனக்கு விட்டுவிட்டாள். பேய் அவளோடேயே போய்விட்டது என்று கோவிந்தம்மாவாக முடிவுகட்டி, என்னை மட்டும் இங்கேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். பேய் பயம் உள்ள பெண்ணை இருட்டில் அனுப்பக்கூடாது என்று கம்பெனியில் என்னை முதல் ஷிப்டில் போட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கு முன்பே அறைக்கு வந்துவிடுகிறேன். நான் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது, அவள்தான் இல்லை.

நேற்று தொடர் முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. அப்பா இறந்த சாயங்காலத்துக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. ஹாஸ்டல் ஹாலில் டிவி சத்தம் கேட்டது.

“பாத்தியாட்டி?” என்றாள்.

“பாத்தேன்.”

“அம்சவேணி அந்த மில்லு கேட்டுக்கு வந்தாள்லா. தங்கச்சி உள்ள வேலை பாக்கா, வீட்டுல இப்பிடி ஆயிப்போச்சு, கொஞ்சம் கூப்பிடுங்கன்னு வாட்ச்மேன்ட்ட சொன்னா. சொல்லுதேன் சொல்லுதேன்னாம். உள்ள போயி யாருமே சொல்லல. கடைசி பஸ்ஸு போற நேரம் வரைக்கும் வாசல்லயே நின்னா, பாவம். அதுக்கு மேல அவ என்ன செய்வா?”

நான் டிவியைப் பார்த்தேன். அதில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓட ஆரம்பித்திருந்தது.

“ஆமாக்கா, பாத்தேன்” என்றேன். “அந்தத் தங்கச்சிட்ட யாருமே சொல்லலல்லா. அவளும் பாவந்தான்.”

“பாவந்தான்” என்றாள் அக்கா. “நாளைக்கும் பாரு. முடிஞ்சதும் கூப்பிடுதேன்.”

நேற்றைய பகுதியை நான் முதலிலிருந்து கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தேன். அதில் மில்லும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. அம்சவேணிக்குத் தங்கையே கிடையாது. இது தங்களுக்கே தெரியும். ஒருவேளை நான் அறியாமல் அப்படி ஒரு காட்சி தங்கள் தொடரில் எங்கேனும் இருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.